நில அதிர்வும் நிதானமும்: கொச்சி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

நிலம் அதிரும் பகுதிகளில் மக்கள் நிலைகுலையாமல் அன்றாட வாழ்வைத் தொடர்வது எப்படி என்ற கேள்வி பெரும்பாலும் ஜப்பானையோ சிலியையோ மனத்தில் வைத்தே எழுப்பப்படுகிறது. ஒரே வாழ்நாளில் பல முறை வலுவான அதிர்வைக் காணும் அந்நாட்டு மக்களுக்கு அனுபவமே ஆசானாக அமைந்துவிடுகிறது. பள்ளிக் குழந்தைகூட மேசைக்கடியில் ஒடுங்கும் பழக்கத்தைக் கற்றுத்தான் வளர்கிறது. கேள்வி உண்மையில் கடினமாவது, எப்போதாவது மட்டும் அதிர்ந்து, பின்னர் பத்தாண்டுக் கணக்கில் மறந்துபோக விடும் நிலத்தில்தான். கேரளம் அத்தகைய நிலம். அங்கே அதிர்வு வந்த வாரத்தில் பீதியும் அடுத்த ஆண்டில் முழு மறதியும் மாறிமாறி ஆட்சி செய்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கக்கூடிய நிதானம் தனிமனிதரின் மனவலிமையால் மட்டும் வருவதன்று. எந்த அதிர்வு எத்தகையது என்ற தெளிவு, நிற்கும் கட்டடத்தின் தரம், பேசும் அதிகாரியின்மேல் உள்ள நம்பிக்கை ஆகிய மூன்றையும் சார்ந்தே அது அமைகிறது என்பதைக் கொச்சி வட்டாரத்தின் வரலாறு காட்டுகிறது.

தென்னிந்தியத் தீபகற்பம் பழமையான, உறுதியான பாறைத்தளத்தின்மேல் அமைந்தது. இமயமலைப் பகுதியைப் போல இரு புவித்தட்டுகள் மோதும் விளிம்பில் அது இல்லை. ஆயினும் தட்டின் உட்பகுதியிலும் பழைய பிளவுகளில் அழுத்தம் சேர்ந்து, நீண்ட இடைவெளிக்குப் பின் வெளிப்படுவதுண்டு. இதனைத் தட்டு உள்ளக நிலநடுக்கம் என்பர். 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியை மையமாகக் கொண்டு ஏறத்தாழ 6 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கம் தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது. 1988 ஜூனில் இடுக்கி மாவட்டத்து நெடுங்கண்டம், 1994 டிசம்பர் 2 அன்று திருச்சூர் மாவட்டத்து வடக்கஞ்சேரி, 2000 டிசம்பர் 12 அன்று கோட்டயம் மாவட்டத்து ஈராட்டுப்பேட்டை என அடுத்தடுத்துப் பதிவான அதிர்வுகள் கேரளத்துக்கு இது புதிதன்று என உணர்த்தின. இவற்றில் ஈராட்டுப்பேட்டை அதிர்வு 5 அளவினது. அடுத்த மாதமே, 2001 ஜனவரி 7 அன்று, அதே வட்டாரத்தில் 4.8 அளவில் இன்னொன்று நேர்ந்தது.

இங்கு இரு சொற்களை வேறுபடுத்திக் கொள்வது அவசியம். அளவு என்பது நிலத்தடியில் வெளிப்பட்ட ஆற்றலைக் குறிக்கும் எண். அது ஒன்று கூடினால் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு பெருகும். செறிவு என்பது ஓர் இடத்தில் அந்த அதிர்வு எவ்வளவு உணரப்பட்டது, எதைச் சேதப்படுத்தியது என்பதன் கணிப்பு. ஒரே நிலநடுக்கத்துக்கு அளவு ஒன்றுதான், செறிவோ ஊருக்கு ஊர் மாறும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 1893 என்ற விதிநூலின் 2002ஆம் ஆண்டுப் பதிப்பு நாட்டை 2 முதல் 5 வரையிலான நான்கு மண்டலங்களாகப் பிரித்து, கேரளம் முழுவதையும் 3ஆம் மண்டலத்தில், அதாவது மிதமான ஆபத்துள்ள பகுதியில் வைத்தது. மிதமானது என்ற சொல் சாதாரண வாசகருக்குத் தரும் ஆறுதல் சற்று மிகையானது. நிற்பவர் தடுமாறும் அளவுக்கும், பழைய சுவர்கள் விரிசல் காணும் அளவுக்கும் அதிர்வு வரக்கூடும் என்பதே அந்த மண்டலத்தின் பொருள்.

கொச்சி நகரத்தின் கிழக்குப் புறத்தில், செம்புரைக்கல் மேட்டில் அமைந்த காக்கநாட்டில் எர்ணாகுளம் மாவட்ட ஆட்சியர் அலுவலகமும், இன்ஃபோபார்க் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்காவும், அதனைச் சூழ்ந்து எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளும் இருக்கின்றன. இந்த மாடிகளில் வாழ்வோருக்கும் பணிபுரிவோருக்கும் அதிகம் அறிமுகமானது தொலைதூர நிலநடுக்கமே. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கமும், 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் 7.8 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கமும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த கொச்சியின் உயர்ந்த கட்டடங்களில் உணரப்பட்டன. மக்கள் படிக்கட்டுகளில் இறங்கி வீதிக்கு ஓடினர். அதே நேரத்தில் தரையில் நடந்துகொண்டிருந்த பலருக்கு எதுவும் தெரியவில்லை.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் எளிது. அதிர்வலைகள் தொலைவு செல்லச் செல்ல, விரைந்து துடிக்கும் அலைகள் பாறையில் தேய்ந்து மறைகின்றன. மெதுவாக அசையும் நீண்ட அலைகளே எஞ்சி வருகின்றன. ஒவ்வொரு கட்டடத்துக்கும் இயல்பான ஓர் ஆட்ட காலம் உண்டு. மாடி ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. இருபது மாடிக் கட்டடம் இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஆடும் இயல்புடையது என்றால், அதே கதியில் வரும் நீண்ட அலை, ஊஞ்சலை அதன் கதி அறிந்து தள்ளும் கையைப் போல, ஆட்டத்தைப் பெருக்கிவிடுகிறது. இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். ஓட்டு வீட்டின் ஆட்ட காலம் மிகக் குறுகியதாதலால் அந்த அலை அதனைத் தொடாமலே கடந்துபோகிறது. ஆகவே பதினைந்தாம் மாடியில் தொங்கு விளக்கு மெல்ல ஊசலாடுவதும், மீன்தொட்டியில் நீர் சரிவதும், தலை சுற்றுவதுபோல் தோன்றுவதும், கட்டடம் விழப்போவதன் அறிகுறிகள் அல்ல. வெகுதொலைவில் ஒரு பெரிய நிலநடுக்கம் நேர்ந்திருப்பதன் அறிகுறிகள். இதை அறிந்தவர் அந்த இரண்டு நிமிடங்களில் லிஃப்டைத் தேடி ஓடமாட்டார். சன்னல் கண்ணாடியையும் உயர்ந்த அலமாரியையும் விட்டு விலகி, மேசைக்கடியில் குந்தி, தலையை மறைத்து, ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்து, பின்னர் படிக்கட்டு வழியே இறங்குவார். ஓடுபவர்களால் நிரம்பிய குறுகிய படிக்கட்டே இத்தகைய நாள்களில் கட்டடத்தைவிட ஆபத்தானது.

ஆனால் இந்த அமைதிக்கு ஒரு நிபந்தனை உண்டு: கட்டடம் விதிப்படி கட்டப்பட்டிருக்க வேண்டும். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் புஜ் பகுதியில் ஏற்பட்ட 7.7 அளவு நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் பல நொறுங்கி விழுந்தன. அவற்றில் பெரும்பாலானவை, கார் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தில் சுவரே எழுப்பாமல் தூண்களை மட்டும் விட்டுவைத்த கட்டடங்கள். மேலே சுவர்கள் நிறைந்த மாடிகள் ஒரே பெட்டியாக இறுகி நிற்க, கீழே இருந்த தூண்கள் மட்டுமே முழு ஆட்டத்தையும் தாங்க நேர்ந்தது. பொறியியலில் இதனை மென்தளம் என்பர். 2002ஆம் ஆண்டு விதிநூல் அத்தகைய தளத்தின் தூண்களையும் உத்தரங்களையும் வழக்கமான கணக்கைப்போல இரண்டரை மடங்கு விசைக்கு வடிவமைக்கச் சொன்னது. கொச்சியின் இன்றைய குடியிருப்புகளிலும் கார் நிறுத்தம் தரைத்தளத்தில்தான் இருக்கிறது என்பதால், அந்த விதி பின்பற்றப்பட்டதா என்று கேட்பது வீடு வாங்குபவரின் முதல் கடமைகளுள் ஒன்று. சமையலறை மேடையின் கிரானைட் நிறத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுபவர்கள் தூணைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காதது வருத்தத்துக்குரியது.

தூணின் உள்ளே நடப்பதையும் சற்று அருகில் பார்க்கலாம். நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டப்படும் வளையத்தைக் கட்டடத் தொழிலாளர்கள் ரிங் என்பர். அதன் இரு நுனிகளையும் செங்கோணத்தில் மட்டும் மடித்துவிட்டால், வலுவான ஆட்டத்தில் வெளிப்புறக் கான்கிரீட் உதிர்ந்தவுடன் வளையம் திறந்துகொள்ளும். உள்ளே இருக்கும் கான்கிரீட் பிதுங்கி, தூண் நொறுங்கும். நுனிகளை 135 பாகைக்கு உள்நோக்கி மடித்துவிட்டால் வளையம் பிடியை விடுவதில்லை. ஐ.எஸ். 13920 விதிநூல் வற்புறுத்துவது இத்தகைய நுணுக்கங்களைத்தான். கம்பி வளைப்பவரின் கை கூடுதலாக ஒருமுறை அழுத்துவதில்தான் மாடியில் இருப்பவரின் நிதானம் அடங்கியிருக்கிறது. கான்கிரீட் போட்ட பிறகு அதை யாராலும் பார்க்க முடியாது என்பதால், கட்டும் காலத்திலேயே மேற்பார்வை நடந்தாக வேண்டும். இதனோடு மண்ணின் தன்மையும் சேர்கிறது. காக்கநாட்டு மேடு உறுதியான நிலம். மேற்கே காயல் ஓரங்களில் பல மீட்டர் ஆழத்துக்குக் கடற்களிமண் படிந்திருக்கிறது. இத்தகைய மென்மையான மண் நீண்ட அலைகளைப் பெருக்கிக் காட்டக்கூடியது.

அண்மை நிலநடுக்கத்தின் இயல்பு முற்றிலும் வேறானது. ஈராட்டுப்பேட்டையிலும் வடக்கஞ்சேரியிலும் மக்கள் உணர்ந்தது மெல்லிய ஊசலாட்டத்தை அன்று. இடியோசை போன்ற முழக்கத்தோடு வந்து சில விநாடிகளில் முடிந்துபோன குலுக்கலை. இங்கு ஆபத்து உயர்ந்த மாடிக்கு இல்லை. பிணைப்பு தளர்ந்த தாழ்ந்த சுவருக்கும் சரியும் ஓடுகளுக்கும்தான். கொச்சியின் மேற்கு ஓரத்தில் மட்டாஞ்சேரியில் 1555இல் போர்த்துகீசியர் கட்டிக்கொடுத்த அரண்மனையும், 1568இல் எழுந்த பரதேசி யூதத் தொழுகைக்கூடமும், அவற்றைச் சூழ்ந்த மசாலாக் கிடங்குகளும் சுண்ணாம்புக் காரையாலும் ஓட்டுக் கூரையாலும் ஆனவை. ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் இந்தப் பழங்கட்டடங்களில், மேல் விளிம்புச் சுவரும் கூரை ஓடும்தான் முதலில் வீதியில் விழும். எனவே வாசலுக்கு அருகில் இருப்பவர் திறந்தவெளிக்குச் சென்றுவிடுவது பயன் தருமெனினும், சுவரோரமாக ஓடுவது அங்கே கேடாக முடியும். உயர்மாடிக்குச் சொல்லப்படும் அறிவுரையை ஓட்டு வீட்டுக்கும், ஓட்டு வீட்டுக்குச் சொல்லப்படுவதை உயர்மாடிக்கும் ஒரே துண்டறிக்கையில் அச்சிட்டு விநியோகிப்பது மக்களைக் குழப்புமே அன்றிக் காக்காது.

2001ஆம் ஆண்டின் கேரளம் பீதி எவ்வாறு பெருகுகிறது என்பதற்குத் தக்க சான்று. ஈராட்டுப்பேட்டை அதிர்வுகளுக்குப் பின், அந்த ஆண்டு மழைக்காலத்தில் மாநிலத்தின் பல இடங்களில் கிணறுகள் உள்நோக்கிச் சரிந்தன; ஜூலை மாத இறுதியில் சங்கனாச்சேரிப் பகுதியில் சிவப்பு மழை பெய்தது. தனித்தனியே விளக்கம் உள்ள இந்நிகழ்வுகளை மக்கள் ஒரே பேரிடரின் முன்னறிவிப்பாகக் கோத்துக்கொண்டனர். மழையின் நிறத்துக்குக் காரணம் ஒருவகைப் பாசியின் வித்துகள் எனப் பின்னர் ஆய்வில் தெரியவந்தது. அறியாமையை நகையாடுவதற்கு இதில் ஒன்றுமில்லை. நிலம் ஒருமுறை அசைந்தபின் ஒவ்வோர் இயல்பு மீறலும் அசைவாகவே தோன்றுவது மனித இயற்கை. அந்த நேரத்தில் விளக்கம் விரைவாகவும் எளிய மொழியிலும் கிடைக்காததே குறை.

கடல்வழி வரும் ஆபத்து இதற்கு நேர்மாறாக, நிலம் அசைந்ததே உணரப்படாமல் வரக்கூடியது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை கொல்லம் மாவட்டத்து ஆலப்பாட்டையும் எர்ணாகுளம் மாவட்டத்து வைப்பின் தீவின் எடவனக்காட்டையும் தாக்கியது. அங்கிருந்தவர்களை எச்சரிக்கும் வலுவான அதிர்வு எதையும் நிலம் முன்னதாகத் தரவில்லை. அரபிக் கடலில் ஆழிப்பேரலை எழக்கூடிய இன்னோர் இடம் பாகிஸ்தான், ஈரான் கரைகளை ஒட்டிய மக்ரான் பகுதி. 1945 நவம்பரில் அங்கு எழுந்த அலை மும்பை வரை வந்தது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் 2007 முதல் இயங்குகிறது. 2012இல் 8.6 அளவு நிலநடுக்கத்தில் தட்டுகள் பக்கவாட்டில் சரிந்தனவே தவிரக் கடலடியைப் பெரிதாக உயர்த்தவில்லை. அலை சிறிதாகவே இருக்கும் என்பது தெளிந்ததும், விடுக்கப்பட்டிருந்த எச்சரிக்கை சில மணி நேரத்தில் விலக்கப்பட்டது.

கொச்சியில் நிலநடுக்கத்தைப் பற்றிய எந்தப் பேச்சும் இறுதியில் இடுக்கி மாவட்டத்து முல்லைப்பெரியாறு அணையில்தான் சென்று முடிகிறது. ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுக் தலைமையில் 1887இல் தொடங்கி 1895இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை, சுண்ணாம்பும் சுர்க்கி எனப்படும் சுட்ட செங்கல் பொடியும் கலந்த காரையால் ஆனது. அதன் நீர் தமிழ்நாட்டின் தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் வயல்களுக்குச் செல்கிறது. அது உடைந்தால் வெள்ளம் வண்டிப்பெரியாறு வழியாக இடுக்கி நீர்த்தேக்கத்தை நோக்கிப் பாயும், அதன் கீழேதான் ஆலுவாவும் கொச்சியும் இருக்கின்றன. 1979இல் குஜராத்தின் மோர்வி அணை உடைந்த ஆண்டிலேயே முல்லைப்பெரியாற்றின் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. தொடர்ந்து மேலே கான்கிரீட் மூடியும், பாறைக்குள் இறுக்கிய எஃகு வடங்களும், பின்புறக் கான்கிரீட் முட்டும் கொண்டு அணை வலுப்படுத்தப்பட்டது. பெரிய நீர்த்தேக்கமே அருகில் அதிர்வைத் தூண்டக்கூடும் என்பதற்கு மகாராஷ்டிரத்துக் கொய்னாவில் 1967 டிசம்பரில் நேர்ந்த 6-க்கும் மேற்பட்ட அளவு நிலநடுக்கம் உலகறிந்த எடுத்துக்காட்டு. அந்த அணையில் விரிசல் விழுந்ததே அன்றி அது உடையவில்லை.

2011இன் பிற்பகுதியில் இடுக்கியில் தொடர்ச்சியாகச் சிறு அதிர்வுகள் பதிவாயின. அவற்றில் எதுவும் 4 அளவை எட்டவில்லை. அணைக்கு அருகே 6.5 அளவில் நிலநடுக்கம் நேர்ந்தால் அது தாங்காது என்று ரூர்க்கி ஐ.ஐ.டி. வல்லுநர்கள் சொல்லியிருந்தனர். அளவுக் கணக்கின்படி 6.5 என்பது அங்கு பதிவான அதிர்வுகளைவிட ஆற்றலில் பல்லாயிரம் மடங்கு பெரிது. ஆனால் அந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்வோர் குறைவாகவும், நாளை அணை உடையும் என்று சொல்வோர் மிகுதியாகவும் இருந்தனர். டிசம்பரில் மலையிலிருந்து கொச்சி வரை மனிதச் சுவர் எழுந்தது. கம்பம், குமுளி எல்லையில் வன்முறை வெடித்தது. இரு மாநிலங்களிலும் மற்றவர் மொழி பேசிய எளிய மக்கள் அஞ்சி வாழ்ந்தனர். அந்த நாள்களில் கேரள அரசின் தலைமை வழக்கறிஞர், முல்லைப்பெரியாற்று நீரை இடுக்கி அணைகள் தாங்கிக்கொள்ளும் என்ற பொருளில் உயர்நீதிமன்றத்தில் கூறியது பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. சொன்ன கருத்து சரியா தவறா என்பதைவிட, அச்சத்தின் உச்சத்தில், ஆதாரம் விளக்கப்படாமல், அரசியல் நிலைப்பாட்டுக்கு முரணாக வந்த ஆறுதலை யாரும் ஆறுதலாகக் கொள்ளவில்லை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. 2012இல் நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான குழு அணை பாதுகாப்பானது என அறிக்கை தந்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்த அனுமதித்தது. சட்டக் கேள்வி அத்துடன் ஓரளவு அடங்கினாலும் ஆற்றங்கரை மக்களின் உறக்கம் தீர்ப்பால் திரும்பிவிடவில்லை. அதிர்வுப் பதிவுகளையும் நீர்க்கசிவு அளவுகளையும் இரு மாநில மக்களும் அன்றாடம் தத்தம் மொழியில் பார்க்கும்படி வெளியிடுவதே அச்சத்தைத் தணிக்கக்கூடிய முதல் வழியாகும். அதைச் செய்வதால் தமிழ்நாட்டுக்கு ஒரு துளி நீரும் குறையாது.

ஆறுதல் எப்போது கேடாகும் என்பதற்கு இத்தாலியின் லாக்விலா நகரம் கடுமையான சான்று. 2009இன் தொடக்கத்தில் அங்கு மாதக்கணக்கில் சிறு அதிர்வுகள் நேர்ந்தன. அதிர்வு உணர்ந்த இரவில் வீட்டைவிட்டு வெளியே தங்குவது அவ்வூரின் பழைய வழக்கம். மார்ச் இறுதியில், ஆபத்தில்லை என்று மக்கள் பாதுகாப்புத் துறை அதிகாரி ஒருவர் தொலைக்காட்சியில் தெரிவித்தார். ஏப்ரல் 6 அதிகாலை 6.3 அளவு நிலநடுக்கத்தில் 300-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அறிவியலாளர் அறுவரும் அந்த அதிகாரியும் 2012இல் தண்டிக்கப்பட்டு, 2014இல் மேல்முறையீட்டில் அறிவியலாளர்கள் விடுவிக்கப்பட்டனர். அதிகாரிக்குக் குறைந்த தண்டனை நிலைத்தது. நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலாது. அது வராது என்று சொல்லவும் அதேபோல் எவராலும் இயலாது. முதல் பாதியை எல்லாரும் ஒப்புக்கொள்கின்றனர். இரண்டாம் பாதியை அதிகாரிகள் மறந்துவிடுகின்றனர்.

கேரளத்தின் அண்மை அனுபவம் இதில் நம்பிக்கை தருகிறது. 2024 ஆகஸ்ட் 9 அன்று, நிலச்சரிவின் துயரம் ஆறாத வயநாட்டில் நிலத்தடியிலிருந்து முழக்கம் கேட்டதாக மக்கள் தெரிவித்தபோது, அதிகாரிகள் முதலில் மக்களைப் பாதுகாப்பான இடங்களுக்கு நகர்த்தினர். நிலநடுக்கம் எதுவும் பதிவாகவில்லை என்ற தேசிய நிலநடுக்கவியல் மையத்தின் தகவலையும் அன்றே வெளியிட்டனர். இதற்கு ஆறாண்டுகளுக்கு முன், 2018 பெருவெள்ளத்தின்போது, முல்லைப்பெரியாறு உடைந்துவிட்டது என்ற பொய்யான குரல்பதிவு வாட்ஸ்அப்பில் பரவியதையும், காவல்துறை அதனை மறுக்க வேண்டியிருந்ததையும் நினைத்தால் இந்த முறையின் அருமை விளங்கும்.

ஒத்திகைக்கும் கொச்சியிலேயே முன்னுதாரணம் உண்டு. கடற்கரை ஒழுங்குமுறை விதிகளை மீறிய மரடு பகுதி அடுக்குமாடிக் குடியிருப்புகள் உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டபோது, சுற்றிலும் வாழ்ந்தவர்கள் முன்னதாகவே வெளியேற்றப்பட்டனர், சைரன்கள் வரிசையாக ஒலித்தன, சென்னை ஐ.ஐ.டி. குழு தரையில் கருவிகளை வைத்து அதிர்வை அளந்தது. எப்போது அதிரும், எங்கே நிற்க வேண்டும் என்பதை அறிந்திருந்ததால் ஒரு நகரமே அந்த அதிர்வை அமைதியாக ஏற்றுக்கொண்டது. நிலநடுக்கத்தில் முதல் விவரம் கிடைக்காது என்றாலும் இரண்டாவதைப் பழக்கிவைக்க முடியும். காக்கநாட்டு அலுவலகங்களில் நடக்கும் தீயணைப்பு ஒத்திகை மணி அடித்தவுடன் எல்லாரையும் கீழே இறக்குகிறது. நில அதிர்வுக்கோ முதலில் இருந்த இடத்திலேயே காத்திருக்க வேண்டும் என்பதால் அது தனியாகப் பழக்கப்பட வேண்டும். அந்த ஒத்திகையில் கணினி முன் அமர்ந்திருப்போர் மட்டுமன்றி, காவலாளியும் கேன்டீன் ஊழியரும் சாரத்தில் நிற்கும் கட்டடத் தொழிலாளியும் சேர வேண்டும். இவர்களில் பலருக்கு மலையாளம் தாய்மொழி அன்று. வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் காக்கநாட்டில் நெருக்கமாகத் தங்கியிருக்கின்றனர். வாத்துருத்தியில் தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் நெடுங்காலமாக வாழ்கின்றனர். ஃபோர்ட் கொச்சியின் வண்ணார் துறையில் துவைப்பவர்களும் தமிழர்கள். மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2025 ஜனவரியில் தொடங்கிய கவசம் என்ற சைரன் வலைப்பின்னல் ஒலியை எல்லாருக்கும் சேர்க்கக்கூடியது. அந்த ஒலி கேட்டபின் என்ன செய்வது என்பதைத் தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் ஒடியாவிலும், தகரக் கொட்டகைக்கு ஒன்றாகவும் இருபதாம் மாடிக்கு வேறொன்றாகவும் சொல்லித்தரும் வேலை மாவட்ட நிர்வாகத்தின் முன்னும் ஒப்பந்ததாரர்களின் முன்னும் நிற்கிறது.